செத்த வாட்ச்மேன் திறந்த கேட்

லிப்ட் மெக்கானிக்குகளில் இரண்டு வகை உண்டு. வேலை முடிந்ததும் கீழே இறங்கி டீ குடிக்கப் போகிறவர்கள் ஒரு வகை. வேலை முடிந்த பிறகும் மொட்டை மாடி மெஷின் ரூமை விட்டு இறங்க மனசில்லாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் ஊர் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். கம்பெனியில் அவருக்கு 'மேல்மாடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எப்போது போன் செய்தாலும் மேலேதான் இருப்பார் என்பது ஒரு காரணம். எதைக் கேட்டாலும் எங்கோ பார்த்துக்கொண்டு பதில் சொல்வதால், தலைக்குள் இருக்கும் மேல்மாடியும் காலிதானோ என்ற சந்தேகம் இன்னொரு காரணம். அவர் இரண்டையும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்.

மேலே அவர் என்ன செய்தார் என்பது கம்பெனிக்குத் தெரியாது. லிப்ட் ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போட்டு, பிரேக்கைச் சரிபார்த்து, கதவு சென்சாரைத் துடைத்து முடித்ததும், லிப்டைக் காலியாகவே மேலும் கீழும் ஓடவிட்டுச் சத்தம் கேட்க வேண்டும் என்பது அவருடைய சொந்தச் சட்டம். அந்த நேரத்தில் கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியில் உட்கார்ந்து, மடியில் டூல் பெட்டியை வைத்து, அதன்மேல் காகிதத்தை விரித்துத் துப்பறியும் நாவல் எழுதினார். காது மோட்டாரில், கை கதையில். மோட்டாரின் உறுமல் ஒரு இழை மாறினாலும் கை தானாக நின்றுவிடும். அதனால் அவர் பார்த்த லிப்டுகளைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை.

அவர் படைத்த துப்பறிவாளர் கொளுத்தும் வெயிலிலும் ரெயின்கோட் போட்டுக்கொண்டு திரிபவர். ஏன் என்று கேட்டால் எழுதியவருக்கே தெரியாது. முதல் புத்தகம் எழுதிய அன்று வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். வாசகர்கள் அந்த ஆளை 'ரெயின்கோட்' என்றே கூப்பிட்டார்கள். ரெயின்கோட்டுக்கு ஒரு மனைவி உண்டு. புருஷன் இன்சூரன்ஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கிறார் என்று அவரே சொன்னதை நம்பிக்கொண்டு, கதவைத் திறந்துவிடுவதும் சாப்பாட்டைச் சூடு பண்ணுவதுமாக எல்லாப் புத்தகங்களிலும் வந்துபோனாள். அட்டையில் இருந்தது ஒரு புனைபெயர். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்பது பதிப்பாளருக்கும் மெக்கானிக்கின் மனைவிக்கும் மட்டுமே தெரியும்.

மேல்மாடியின் மனைவி வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஆல்டரேஷன் வேலை செய்தார். பேண்டுக்கு நீளம் குறைப்பது, சட்டைக்கு இடுப்பு பிடிப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது. ஒவ்வொரு புத்தகம் வந்ததும் ஒரே மூச்சில் படித்துவிடுவார். மேல்மாடி பக்கத்தில் போய் நின்று, நல்லா இருக்கா என்று கேட்பார். நல்லா இருக்கு என்று பதில் வரும். எது நல்லா இருக்கு என்றால், எல்லாம்தான் என்பார். கட்டிய புருஷன் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறாள் போலிருக்கிறது என நினைத்து மேல்மாடி பேச்சை விட்டுவிடுவார்.

வம்பு வந்தது ஒரு வாட்ச்மேனால். கடைசியாக வந்த புத்தகத்தில் ஒரு மீசைக்கார வாட்ச்மேன் ஐந்தாம் அத்தியாயத்தில் குத்துப்பட்டுச் சாகிறார். போஸ்ட்மார்ட்டம் வரை ஆகிவிடுகிறது. அதே ஆள் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ரெயின்கோட்டுக்குச் சல்யூட் அடித்து கேட்டைத் திறந்துவிடுகிறார். மேல்மாடி ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒவ்வொரு கட்டடத்தின் உச்சியில் எழுதுகிறவர். எழுதி முடித்ததை வீட்டில் வைத்துவிட்டு வருவார், அதனால் முன்னால் எழுதியது கையில் இருக்காது. பன்னிரண்டாவதை எழுதிய கட்டடத்தில் நிஜமாகவே ஒரு மீசைக்கார வாட்ச்மேன் தினமும் அவருக்குச் சல்யூட் அடித்து கேட்டைத் திறந்துவிட்டார். கை பழக்கத்தில் அதை எழுதிவிட்டது.

புத்தகம் கடைக்கு வந்த பிறகுதான் அது அவர் கண்ணில் பட்டது. பதிப்பாளரிடம் ஓடினார். பதிப்பாளர் பார்சல் கட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இப்படி வேர்த்து விறுவிறுத்து வந்தீங்க? படிக்கிறது பூராவும் காலேஜ் பசங்க. பஸ்ல ஏறினா பிரிப்பாங்க, எறங்கினா மூடுவாங்க. ஜாலிக்குப் படிக்கிறவங்க சார். எவன் கவனிக்கப் போறான்?"

அவர் சொன்னது போலவேதான் நடந்தது. மாதங்கள் ஓடின. ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை, ஒரு திட்டு இல்லை. திட்டு வராததற்காக ஒரு மனுஷன் இப்படி வருத்தப்பட்டு நான் கேள்விப்பட்டதில்லை. புத்தகமோ நன்றாக விற்றது. அதுதான் அவரை இன்னும் குத்தியது. செத்தவன் எழுந்துவந்து கேட்டைத் திறந்தாலும் கண்டுகொள்ளாதவர்களுக்காக எதற்கு வாளியில் உட்கார்ந்து முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றிவிட்டது. சரி, முடித்துவிடலாம் என்று முடிவு கட்டினார். கடைசிப் புத்தகம் எழுதி அதில் ரெயின்கோட்டைக் கொன்றுவிடுவது, பிறகு பேனாவைத் தொடுவதே இல்லை.

கொல்வதும் லேசாக இல்லை. லிப்டில் வைத்துத் தீர்த்துக்கட்ட நினைத்தார், தொழில் தடுத்தது. கயிறு அறுந்தாலும் லிப்ட் விழாது, நடுவழியிலேயே பிடித்துக்கொள்ளும் என்று ஊர் முழுக்கப் பயந்தவர்களுக்கெல்லாம் சத்தியம் பண்ணிக்கொடுத்தவர் எப்படிப் பொய்யாக எழுதுவார்? கடைசியில் ஒரு ரயில் பாலத்திலிருந்து ஆளைத் தள்ளிவிட்டார். எழுதி முடித்த அன்று சாப்பாடு இறங்கவில்லை. காகிதக் கட்டை டூல் பையில் போட்டுவைத்தார், திங்கட்கிழமை காலையில் பதிப்பாளரிடம் கொடுத்துவிடலாம் என்று.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. வெள்ளிக்கிழமை அவர் சர்வீஸ் பார்த்த ஒரு அபார்ட்மெண்டில், லிப்டின் உள்சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ரெயின்கோட் வாசகர் சந்திப்பு, ஞாயிறு மாலை, மூன்றாம் மாடி ஹால், எல்லோரும் வரலாம். மேல்மாடி அதை மேலே போகும்போது ஒரு தடவையும் கீழே வரும்போது ஒரு தடவையும் படித்தார். போய்ப் பார்த்துவிடுவோம், அந்தக் கூட்டத்தில் யோசித்துப் படிக்கிற ஒரு ஜீவன் இருந்தாலும் போதும், ரெயின்கோட் பிழைத்துப் போகட்டும் என்று மனசுக்குள் ஒரு பேரம் பேசிக்கொண்டார். ஞாயிறன்று யாராவது கேட்டால் லிப்ட் பார்க்க வந்தேன் என்று சொல்ல வசதியாக, யூனிபாரத்தை மாட்டிக்கொண்டு டூல் பையோடு கிளம்பினார்.

மூன்றாம் மாடியில் லிப்ட் கதவு திறந்தபோது எதிரே ஒரு பிணம் நின்றது. முகமெல்லாம் பவுடர், காகிதத்தில் வெட்டி ஒட்டிய மீசை, சட்டையில் சிவப்பு மை. நெட்டையான கல்லூரிப் பையன். மேல்மாடிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, ஹால் கதவை அகலத் திறந்துவிட்டான். உள்ளேயிருந்து கைதட்டல். நான் செத்த வாட்ச்மேன் சார், எங்க கூட்டத்துக்கு வர்றவங்க எல்லாருக்கும் நான்தான் கேட்டைத் திறந்துவிடுவேன் என்று பணிவாக அறிமுகம் செய்துகொண்டான்.

மேல்மாடி முகத்தில் ஈயாடவில்லை. கவனித்திருக்கிறார்கள். கவனித்துவிட்டு, வைத்துச் சிரித்திருக்கிறார்கள். கவனிக்காமல் விட்டதைவிட இது பத்து மடங்கு வலித்தது. திரும்பிப் போய்விடலாம் என்று பார்த்தால், பின்னால் லிப்ட் கீழே போய்விட்டிருந்தது. தான் பராமரிக்கும் லிப்டே தனக்குத் துரோகம் செய்ததாக நினைத்தபடி உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, பிஸ்கட் தட்டு, தட்டைச் சுற்றிச் சண்டை. முப்பது பேர் இருந்தால் முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யூனிபாரத்தைப் பார்த்ததும் சூழ்ந்துகொண்டார்கள். நிஜ லிப்ட் மெக்கானிக்கா, அப்படியென்றால் முதல் புத்தகத்தில் ரெயின்கோட் லிப்டின் கூரை மேல் ஏறித் தப்பிப்பது நடக்கிற காரியமா என்று கேட்டார்கள். நூற்றுக்கு நூறு நடக்கும் என்று மேல்மாடி கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டார். எழுத்தாளர் லிப்டில் புலி என்று ஒத்துக்கொண்டார்கள். அவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

அந்தக் குளிர்ச்சி ரொம்ப நேரம் நிற்கவில்லை. அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டாம். ஒவ்வொரு சந்திப்பிலும் புத்தகங்களிலிருந்து யாராவது ஒருவரைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்கள். அன்றைய குற்றவாளி ரெயின்கோட். குற்றம், கட்டிய மனைவியிடம் புத்தகம் புத்தகமாகப் பொய் சொன்னது. நீதிபதி ஒரு நர்சிங் மாணவி. பழைய குடையின் கறுப்புத் துணியைத் தோளில் போர்த்தியிருந்தாள். வாதி பக்க வக்கீல் ஊசி போல ஒல்லியான ஒரு பெண். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் சோடாபுட்டி என்று கூப்பிட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் வேலை எப்போதும் புதிதாக வந்தவருக்குத்தான். ஏனென்றால் அந்தப் பக்கம் எப்போதும் தோற்கும்.

புதிதாக வந்தவர் நம்மவர் ஒருவர்தான். தான் பெற்ற பிள்ளைக்குத் தானே வக்கீலாக நிற்க வேண்டிய நிலைமை. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், யார் விட்டார்கள்? டூல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

சோடாபுட்டி மேஜையில் புத்தகங்களை அடுக்கிவைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படித்திருக்கிறாள் என்பது முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது.

"லிப்டைப் பத்தி நாலு பக்கம் எழுதுறாரு. வீட்டுல இருக்கிற மனுஷியைப் பத்தி நாலு வரி. கதவைத் திறந்தாள், சூடு பண்ணினாள், தூங்கிவிட்டாள். அவ என்ன கட்டின பொண்டாட்டியா, இல்ல கதவுல மாட்டின ஸ்பிரிங்கா?"

ஹால் அதிர்ந்தது. நீதிபதி ஸ்பூனால் டீ டம்ளரைத் தட்டி அமைதி வரவழைத்தாள். மேல்மாடி தொண்டையைச் செருமிக்கொண்டு, மனைவியைக் காப்பாற்றத்தான் ரெயின்கோட் உண்மையைச் சொல்லவில்லை, தெரிந்தால் அவளுக்குத்தான் ஆபத்து என்றார். தன் வாதம் தனக்கே நியாயமாகப் பட்டது.

"ரெண்டாவது புத்தகத்துல கொலைகாரன் வந்து வீட்டுக் கதவைத் தட்டுறான்," என்றாள் சோடாபுட்டி. "இன்சூரன்ஸ் ஆபீஸ்ல இருந்து வரேன்னு சொல்றான். அவ உள்ள கூப்பிட்டு உட்கார வெச்சுத் தண்ணி குடுக்கிறா. உண்மை தெரிஞ்சிருந்தா திறந்திருப்பாளா? அந்தப் பொய் அவளைக் காப்பாத்துச்சா, மாட்டி விட்டுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை. அந்தக் காட்சியைத் தன்னுடைய கைவண்ணங்களிலேயே சிறந்தது என்று மேல்மாடி இத்தனை நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார். கொலைகாரன் கை எங்கே இருக்கிறது, கத்தி எங்கே இருக்கிறது, ரெயின்கோட் எத்தனை மாடி ஏறிவர வேண்டும் என்றெல்லாம் கணக்குப் போட்டு எழுதியவர், தண்ணீர் கொண்டுவந்த பெண்ணின் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை. எப்படியாவது தன் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பில் வாய் தவறிப் பேசிவிட்டார்.

"அன்னிக்கு ராத்திரி அவன் தூங்கவே இல்லம்மா. அவ தூங்குறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்து அழுதான்."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டாள் நீதிபதி.

"பக்கம்... பக்கம் இல்ல. ஆனா அழுதான்."

"புத்தகத்துல இல்லாதது சாட்சியம் ஆகாது. வக்கீல் சொந்தமா கதை விடக்கூடாது."

ஹால் மறுபடி சிரிப்பில் மூழ்கியது. ரெயின்கோட்டைப் பற்றிச் சொந்தமாகக் கதை விடக்கூடாது என்று, அந்த ஆளை உண்டாக்கியவருக்கே தீர்ப்பாகிவிட்டது. ஆனால் அவர் சொன்னது நிஜம். அந்த அழுகையை அவர் எழுதியிருந்தார். துப்பறிகிறவன் அழுதால் யார் சார் வாங்குவான் என்று பதிப்பாளர் சொன்னதால் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டார்.

சோடாபுட்டி மட்டும் சிரிக்காமல் அவரையே பார்த்தாள். "அழுதிருந்தா எழுதியிருக்கலாம்ல, அங்கிள்," என்றாள் மெதுவாக. "அந்தப் பக்கத்தைத்தான் நான் ரொம்ப நாளா தேடிட்டு இருக்கேன்."

மேல்மாடிக்குக் கண் கலங்கிவிட்டது. ரெஞ்சைத் தேடுவது போலப் பைக்குள் தலையை விட்டு, அங்கே ரயில் பாலத்திலிருந்து விழுந்து கிடந்தவனைப் பார்த்தார். அவமானமாக இருந்தது. அந்த அவமானத்துக்கு அடியில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், தலைகால் புரியாத சந்தோஷம் ஊறிக்கொண்டு வந்தது.

தீர்ப்பு எதிர்பார்த்ததுதான். குற்றவாளி என்று எல்லோரும் கை தூக்கினார்கள். எதிர்த்தரப்பு வக்கீலும் கூடவே தூக்கிவிட்டார். அடுத்த புத்தகத்தில் ரெயின்கோட் மனைவியிடம் உண்மையைச் சொல்ல வேண்டும், அதுதான் தண்டனை. அடுத்த புத்தகத்துல ஆள் செத்துப் போயிட்டா என்ன பண்றது என்று மேல்மாடி தயங்கித் தயங்கிக் கேட்டார். நீதிபதி கதவருகே நின்ற நெட்டையனைக் காட்டினாள்.

"செத்தா விட்டுடுவோமா? வாட்ச்மேன் செத்த பிறகும் டியூட்டி பார்க்கலையா?"

நெட்டையன் சல்யூட் அடித்தான். மேல்மாடி வயிறு வலிக்கும் வரை சிரித்தார். எத்தனை நாளாக அந்த வாட்ச்மேனை நினைத்து வெந்துகொண்டிருந்தாரோ அத்தனை நாளுக்கும் சேர்த்துச் சிரித்தார்.

டீ குடிக்கும்போது, மனசில் இருந்ததைக் கேட்டுவிட்டார். தப்பு தெரிந்தும் ஏன் பதிப்பகத்துக்கு ஒரு வரி எழுதவில்லை? எழுதியிருந்தால் அடுத்த பதிப்பில் திருத்திவிடுவார்கள், அப்புறம் நாங்கள் வாட்ச்மேனுக்கு எங்கே போவோம் என்றான் நெட்டையன், பவுடர் உதிர பிஸ்கட் கடித்தபடி. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது.

"அப்போ இதெல்லாம் விளையாட்டுக்குத்தானே பண்றீங்க?"

"விளையாட்டுதான், அங்கிள்," என்றாள் சோடாபுட்டி. "விளையாட்டுன்னா ஒழுங்கா ஆட வேணாமா?"

மேல்மாடி வீட்டுக்கு நடந்தே போனார். போகும் வழியில் எதையெதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டே போனதைப் பார்த்தவர்கள், கம்பெனிக்காரர்களின் பழைய சந்தேகத்தை உறுதி செய்துகொண்டிருப்பார்கள்.

முன்னறையில் மனைவி யாருடைய பேண்டுக்கோ நீளம் குறைத்துக்கொண்டிருந்தார். மேல்மாடி முக்காலியை இழுத்துப் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் நடித்தே காட்டினார். பிணம் சல்யூட் அடித்ததையும், கதவு ஸ்பிரிங்கையும், புத்தகத்தில் இருப்பது மட்டும்தான் கணக்கு என்று தன் வாயை அடைத்ததையும் கேட்டு மனைவி மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பிறகு மேல்மாடி பையிலிருந்து காகிதக் கட்டை எடுத்து, வெட்டுத் துணிகளுக்கு நடுவே போட்டார். இது வேண்டாம், ஆள் சாக வேண்டாம் என்றார். ஆனால் தண்டனையை எப்படி நிறைவேற்றுவது என்பதுதான் புரியவில்லை. இத்தனை வருஷமும் ஒன்றுமே தெரியாமல் இருந்த ரெயின்கோட்டின் மனைவி, திடீரென்று உண்மையைக் கேட்டால் மயக்கம் போட்டு விழுவாளா, அழுவாளா, பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாளா?

"அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றார் மனைவி.

மேல்மாடி முக்காலியை மெஷின் பக்கம் நகர்த்தினார்.

"நாலாவது புத்தகத்துல குண்டு பாஞ்சு ரெயின்கோட்ல ஓட்டை விழுந்துச்சு. முதுகுப் பக்கம், வலது தோளுக்குக் கீழ. அஞ்சாவதுல அதே கோட்டைப் போட்டுக்கிட்டு மழையில நிக்கிறாரு, முதுகு நனையலைன்னு எழுதியிருக்கீங்க. ஓட்டை எங்க போச்சு?"

அதை நான் மறந்துட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். மனைவி கையமர்த்தினார்.

"நீங்க மறந்தது புத்தகத்துல இல்லையே. ஓட்டை இருந்துச்சு, அப்புறம் இல்ல. அதுதான் இருக்கு. அந்த வீட்டுல அதைத் தைச்சிருக்கக் கூடியவ வேற யாரு? இன்சூரன்ஸ் ஆபீஸ்ல முதுகுல சுடுவாங்களான்னு அவளுக்குத் தெரியாதா?"

தெரிந்தும் அவள் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று மேல்மாடி கேட்டார். அவனே வந்து சொல்லட்டும் என்று காத்திருக்கிறாள் என்றார் மனைவி, நூலைப் பல்லால் கடித்தபடி.

"நீ ஏன் இத்தனை நாள் இதை எங்கிட்ட சொல்லல?"

"நல்லா இருக்கான்னுதானே கேட்டீங்க. நல்லாத்தான் இருந்துச்சு. என்ன தோணுச்சுன்னு கேட்டதே இல்லையே."

மேல்மாடிக்கு அந்த இடத்திலேயே மனைவியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்தக் கையில் ஊசி இருந்ததால் தோளைத் தொட்டதோடு நிறுத்திக்கொண்டார். நாலு தெரு தள்ளி ஒரு கூட்டத்தில் போய்த் தேடிய வாசகி, இத்தனை காலமும் பக்கத்து முக்காலியில் இருந்திருக்கிறாள். பதிப்பாளருக்குப் போன் போட்டு, நாளைக்கு வரவில்லை, கதை மாறிவிட்டது, இந்தத் தடவை ரெயின்கோட் அழுவார், அதை அடிக்கவும் விடமாட்டேன் என்று சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த முணுமுணுப்பைக் காதில் வாங்காமல் போனை வைத்துவிட்டார்.

பிறகு டூல் பெட்டியை மடியில் வைத்து, ரயில் பாலத்துக் காகிதங்களில் ஒன்றைத் திருப்பிப் போட்டு, அதன் வெற்றுப் பக்கத்தில் புதுப் புத்தகத்தைத் தொடங்கினார். தையல் மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மனைவிக்குப் படித்துக் காட்டினார்.

"கதவைத் திறந்தவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். 'ரெயின்கோட்டைக் கழட்டிக் குடுங்க, தைக்கணும்' என்றாள்."

மெஷின் நின்றது. இந்தத் தடவை நல்லா இருக்கு என்று மனைவி சொல்லவில்லை. பேண்டை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கழட்டிக் குடுங்கன்னு கேக்க மாட்டா," என்றார். "அவளே கழட்டுவா."

மேல்மாடி அந்த வரியை அடித்துவிட்டு, அவர் சொன்னபடி எழுதினார்.